பனிப்போரில் பனி எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் 'பனிப்போர்' என்று முதன்முதலாகப் படித்தபோது, ரஷ்யாவில்தான் பனி கொட்டுமே, அந்தப் பனிக்குள் நின்று இரண்டு படைகளும் சுட்டுக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ரொம்ப நாள் அப்படியே நினைத்திருந்தேன். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது அதே சந்தேகம் அதற்கும் வருகிறது. அதனால் இந்தச் சொல்லை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாம்.

பொருள் எளிதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவும் சோவியத் யூனியனும், ஒருவர்மேல் ஒருவர் போர் அறிவிக்காமலேயே, அணுகுண்டு குவிப்பது, உளவு பார்ப்பது, பணமும் ஆயுதமும் கொடுத்து நாடுகளைத் தங்கள் பக்கம் இழுப்பது, பிரசாரம் செய்வது என்று 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலையும்வரை நடத்திய பகை. அந்தக் காலத்துக்கும் அந்தப் பகைக்கும் சேர்த்து ஒரே பெயர் பனிப்போர்.

ஆங்கிலத்தில் இதற்கு 'கோல்ட் வார்' (cold war) என்று பெயர். இந்தச் சொல்லை இந்தப் பொருளுக்கு நெருக்கமாக எழுதிக்காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 1945 அக்டோபரில் லண்டன் 'டிரிப்யூன்' இதழில் அணுகுண்டு பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார். இந்தக் குண்டு கையில் இருக்கும் நாட்டை யாரும் வெல்ல முடியாது, அந்த நாடு அக்கம்பக்கத்தோடு முடிவே இல்லாத ஒரு குளிர்ந்த போரில் இருக்கும் என்பது அவர் கணிப்பு. அப்புறம் 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா சட்டமன்றத்தில் பெர்னார்ட் பரூக் என்ற செல்வாக்குள்ள நிதியாளர் பேசும்போது, நாம் இப்போது அப்படியொரு போருக்கு நடுவில்தான் இருக்கிறோம் என்றார். அந்த உரையை எழுதிக்கொடுத்தவர் ஹெர்பர்ட் ஸ்வோப் என்ற பத்திரிகையாளர். அதே ஆண்டில் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் போட, சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

சரி, மூலச் சொல்லில் பனி இல்லை. அதில் இருப்பது 'குளிர்ந்த' என்பது மட்டும்தான். துப்பாக்கி வெடிக்கிற போர் சூடான போர், வெடிக்காதது குளிர்ந்த போர், அவ்வளவுதான் அதன் கணக்கு. ரஷ்ய மொழியில் 'ஹலோத்னயா வைனா' என்பதும் குளிர்ந்த போர்தான். இந்தியில் சீத யுத்தம். எங்கேயும் பனி கொட்டவில்லை.

அப்படியானால் தமிழில் குளிர்ப்போர் என்றுதானே வந்திருக்க வேண்டும்? ஏன் அது நிற்கவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. வெயில் நாட்டு மொழியில் குளிர்ச்சி நல்ல விஷயம். மனம் குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன், பெற்ற வயிறு குளிர்ந்தது என்று வாழ்த்தும் நிறைவும் சொல்லத்தான் நாம் குளிரைக் கூப்பிடுகிறோம். ஆங்கிலேயருக்குக் குளிர்ந்த பார்வை என்றால் பகை, நமக்கு அது அருள். குளிர்ப்போர் என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ இதமான போர் மாதிரி இருக்கும்.

பனி அப்படியில்லை. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது நம் பழமொழி. சத்தம் இல்லாமல் இறங்கி உள்ளே துளைக்கிற பொருள் அது. இன்னொன்றும் உண்டு, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: பழந்தமிழில் பனி என்றால் நடுக்கம். 'பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை' என்ற குறளில் (1223) வரும் பனிக்குப் பரிமேலழகர் நடுக்கம் என்றே உரை சொல்கிறார். பனித்தல் என்றால் நடுங்குதல். பனிப்போரை ஆக்கியவர் இதையெல்லாம் நினைத்து ஆக்கினாரா, தெரியாது. ஆனால் 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் யூனியன் கொண்டுபோய் வைத்த ஏவுகணைகளுக்காக இரண்டு வல்லரசுகளும் முறைத்துக்கொண்ட 13 நாட்கள் உலகம் இருந்த இருப்புக்கு நடுக்கப் போர் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எதுவும் இல்லை.

இலங்கைத் தமிழர்கள் இதையே கெடுபிடிப் போர் அல்லது கெடுபிடி யுத்தம் என்கிறார்கள். இது சொல்லுக்குச் சொல் மாற்றியது அல்ல, நடந்ததைப் பார்த்து வைத்த பெயர். போலீஸ் கெடுபிடி, செக்கிங் கெடுபிடி என்று நாம் சொல்லும் அதே நெருக்குதல்தான். உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் பெர்லின் நகரம், சோவியத் பக்கம் கிழக்கு, அமெரிக்கப் பக்கம் மேற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அங்கே பெர்னவர் தெரு என்று ஒரு தெரு. அதில் ஒரு வரிசை வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை, வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதையோ மேற்கு பெர்லின். 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடியதும், அந்த வீடுகளின் தெருவாசல்களைச் செங்கல் வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் 22 காலையில், மூன்றாம் மாடியில் குடியிருந்த இடா சீக்மன் என்ற 58 வயதுப் பெண் தன் மெத்தைப் போர்வைகளைச் சன்னல் வழியாகக் கீழே வீசிவிட்டு அவற்றின் மேல் விழலாம் என்று குதித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தெருவில் இறங்க வேண்டியிருந்த ஒரு பெண், தன் வீட்டுச் சன்னலிலிருந்து. இதைப் படித்த பிறகு கெடுபிடி என்ற சொல்லின் கனம் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவிலும் கெடுபிடிதான். 1952ல் சார்லி சாப்ளின் கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்ட கையோடு, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள், இடதுசாரி என்ற சந்தேகத்தில். அணுகுண்டை உருவாக்கிய ஓப்பன்ஹைமருக்கே 1954ல் அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி பறிபோனது.

நம் பக்கம் இது வேறு உருவத்தில் வந்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின் கீழ் கோதுமை வந்தது. சோவியத் உதவியோடு நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் எழுந்தது. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான முன்னேற்றப் பதிப்பகத்தின் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைத்ததால் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன.

இப்போது தமிழ்ப் பத்திரிகைகளில் பனிப்போர் என்பது முக்கால்வாசி நேரம் வேறு பொருளில்தான் வருகிறது. இரண்டு அமைச்சர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் பனிப்போர், மாமியாரும் மருமகளும் முகம் கொடுக்கவில்லை என்றால் பனிப்போர். சொல் வளர்வது இயல்பு, அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொருள் பழகிய காதோடு வரலாற்றைப் படிப்பவருக்கு, இரண்டு நாடுகள் நாற்பது ஆண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன என்றுதான் தோன்றும். கொரியாவில் 1950 முதல் 1953 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லாவோஸ் என்ற சின்ன நாட்டின் மேல், அதன்மீது போர் என்று அறிவிக்காமலே, 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல், அதில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்தவை பின்னாலும் ஆளைக் கொன்றன. குளிர்ந்தது வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில்தான், மற்ற இடங்களில் எரிந்தது.

எழுதும்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது. அந்தக் காலகட்டத்துக்குப் பனிப்போர், நடுவில் ப் போட்டு, ஒரே சொல்லாக. பாஸ்போர்ட், உளவு, சுவர், விசாரணை என்று மனிதர்கள் மேல் விழுந்த நெருக்கடியைச் சொல்லும்போது கெடுபிடிப் போர். கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் முன்னொட்டு எதுவும் வேண்டாம், வெறும் போர்.