கொலை சுவிட்சா, நிறுத்து விசையா?

அமெரிக்காவில் சிறு படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்காகத் தமிழில் சுற்றிவரும் பாதுகாப்புக் குறிப்புகளில் ‘கொலை சுவிட்ச்’ என்ற சொல்லை இத்தோடு எத்தனையாவது முறை பார்க்கிறேனோ. ‘படகு ஓட்டும்போது கொலை சுவிட்சை உடலில் மாட்டிக்கொள்ளவும்’ என்று எழுதினால் எவன் மாட்டிக்கொள்வான்?

பொருள் எளியது. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தாலோ இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்பட்டாலோ எஞ்சினை உடனே நிற்கவைக்கும் விசை இது. விசையில் ஒரு கிளிப் செருகியிருக்கும், அதிலிருந்து வரும் கயிறு ஓட்டுபவரின் உடம்போடு பிணைந்திருக்கும். ஆள் விழுந்தால் கிளிப் கழன்றுவிடும். இது இல்லாவிட்டால் ஆளில்லாத படகு பெரும்பாலும் வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். மூன்று இதழ் உள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,200 முறை சுற்றினால் நொடிக்கு 160 வெட்டு.

ஆங்கிலத்தில் இதற்கு எஞ்சின் கட்-ஆஃப் சுவிட்ச் என்று சட்டப்பெயர், கில் சுவிட்ச் என்று பேச்சுப்பெயர். ‘சுவிட்ச்’ முதலில் மெல்லிய குச்சி, குதிரைச் சவுக்கு. அப்புறம் ரயில் தண்டவாளத்துக்குப் போய், அங்கிருந்து மின்சாரத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

சண்டை ‘கில்’ மீதுதான். ஓடும் எஞ்சினை நிறுத்துவதை ஆங்கிலேயர் கொல்வது என்கிறார்கள். அது அவர்கள் பேச்சு வழக்கம். நாம் எஞ்சினை நிறுத்துகிறோம், அணைக்கிறோம், ஆஃப் பண்ணுகிறோம். எந்த மெக்கானிக்காவது ‘வண்டியைக் கொல்லு’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? பைக் கைப்பிடியில் இருப்பதைக் கில் சுவிட்ச் என்று அப்படியே சொல்கிறார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை. கடன்சொல் கடன்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும், அரைகுறையாகத் தமிழுக்கு இழுக்கும்போதுதான் கோளாறு. பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிறது, களைக்கொல்லி களையைக் கொல்கிறது, பெயர் பொருந்துகிறது. ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த கருவிக்குக் ‘கொலை’ என்று பெயரிட ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இதற்குப் போட்டியாக வருவது ‘மின்துண்டிப்புச் சொடுக்கி’. கேட்கத் தூய தமிழ்தான். ஆனால் இரண்டு பாதியும் தவறு. படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சின்களில், பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ வகையில், கிளிப் கழன்றால் எதுவும் துண்டாவதில்லை. நேர்மாறாகச் சுற்று மூடிக்கொள்கிறது. பொறி கிளப்ப வேண்டிய மின்சாரம் எஞ்சின் உடம்பிலேயே எர்த் ஆகிவிட, எஞ்சின் நிற்கிறது. துண்டிப்பு என்ற சொல்லை நம்பி ஒயரைத் துண்டித்துப் பார்ப்பவருக்கு எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பாதுகாப்புதான் போயிருக்கும். சொடுக்கி? சொடுக்குவது விரல். தண்ணீரில் விழுந்தவர் எதையும் சொடுக்குவதில்லை. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்ற நல்ல சொல் உண்டு, தமிழ்நாட்டில் அதைச் சிங்கம் யாளி என்று நினைப்பார்கள். துப்பாக்கிக்கு நாம் சொல்லும் ‘விசை’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. இழுத்தால் வேலை செய்வது அது. ஆகவே எஞ்சின் நிறுத்து விசை. பக்கத்திலேயே ‘உந்துவிசை’ வந்தால் கொஞ்சம் இடிக்கும், அங்கே சுவிட்ச் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

கயிற்றுக்கு வருவோம். அதன் ஆங்கிலப் பெயரான லேன்யார்டு என்பது பிரெஞ்சில் தோல்வாரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதைக் ‘கழுத்துப்பட்டை’ என்று மொழிபெயர்த்தவர் ஆபீஸ் அடையாள அட்டையை நினைத்துக்கொண்டார் போல. யாராவது அதை நம்பிக் கழுத்தில் மாட்டினால் என்ன ஆகும்? மாட்ட வேண்டியது மணிக்கட்டிலோ உடையிலோ மிதவை அங்கியிலோ. சட்டம் கயிறு என்று மட்டும் சொல்லவில்லை, கம்பியில்லாக் கருவியும் செல்லும். அதனால் ‘பிணைப்பு’ என்பதே சரி.

சொல் பிசகினால் விதியும் பிசகுகிறது. ‘எல்லாப் படகிலும் நிறுத்து விசை பொருத்த வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. பொருத்தும் பொறுப்பை 2018 சட்டம் படகு செய்பவர்கள், விற்பவர்கள் தலையில் வைத்தது. உரிமையாளருக்கு வந்தது 2021 ஏப்ரல் 1 முதல் அமலான இன்னொரு விதி: 26 அடிக்குக் குறைவான, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ எஞ்சின் உள்ள பொழுதுபோக்குப் படகில் விசை இருந்தால், பிணைப்பை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். விசையே இல்லாத பழைய படகில் புதிதாக வாங்கிப் பொருத்தச் சொல்லவில்லை. மூடிய கேபினுக்குள் உட்கார்ந்து ஓட்டினால் விலக்கு. மீறினால் முதல் முறை 100 டாலர், அடுத்து 250, அதற்கு மேல் 500 வரை அபராதம் என்று விதி வந்தபோது வைத்தார்கள்.

பொழுதுபோக்குப் படகை ‘உல்லாசப் படகு’ ஆக்குவதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட எடுத்துப்போகும் அலுமினியப் படகுக்காரர், இது கோடீஸ்வரர்களுக்கான விதி என்று நகர்ந்துவிடுவார்.

மாட்ட வேண்டிய நேரத்தைச் சொல்லும் இடம்தான் உச்சம். படகு வேகமெடுத்து முகம் தூக்கி, நீர்மேல் சறுக்கி ஓடுவதை ஆங்கிலத்தில் ‘ஆன் பிளேன்’ என்பார்கள். ‘விமானத்தில் இருக்கும்போது அணியவும்’ என்று ஒரு குறிப்பில் கண்டேன். எந்திரம் மொழிபெயர்த்ததாகவே இருக்கட்டும், அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் படித்திருக்க வேண்டாமா? அதே குறிப்பில் ‘நோ வேக்’ பகுதி ‘விழிப்பற்ற மண்டலம்’ ஆகியிருந்தது. பின்னால் அலை கிளப்பாமல் மெதுவாகப் போக வேண்டிய இடம் அது. அங்கேயும் கரையில் படகைக் கட்டும்போதும் பிணைப்பு கட்டாயமில்லை.