கூடு விட்டுக் கூடு பாயும் கெர்னல்

என்னுடைய பழைய மடிக்கணினி ஹைபர்னேட்டிலிருந்து, அதாவது முழுதாக அணைந்தும் வேலையை மறக்காத தூக்கத்திலிருந்து, எழும்போது ஒரு வேடிக்கை காட்டும். பாதியில் விட்ட கடிதம் அப்படியே இருக்கும், கர்சர்கூட அதே எழுத்தில் துடிக்கும். பேட்டரி அளவு மட்டும் முந்தின நாள் எண்ணிலேயே நிற்கும். சார்ஜரைப் பிடுங்கினாலும் அதற்குத் தெரியாது.

ஏன் இப்படி? லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துப் பார்ப்போம். ஹைபர்னேட் என்றதும் அது நினைவகத்தைப் படம் பிடித்து, டிஸ்க்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்தில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கிறது. மறுபடி பொத்தானை அழுத்தினால் அந்தப் படம் தானாக எழுந்து வராது. முதலில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) ஒன்று பூட் ஆகும். அதுதான் டிஸ்க்கைத் தட்டி எழுப்பி, படத்தை ரேமில் இறக்கி, பழைய கெர்னலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மறையும். சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல்தான். உடம்பு பழையது, நடுவில் கொஞ்ச நேரம் வேறோர் உயிர் அதில் குடியிருந்துவிட்டது. திரும்பி வந்த உயிருக்கு அந்தச் சங்கதி தெரியாது.

வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர் பேசிக்கொண்டிருந்தது அந்த நடுவாளோடு, அதாவது புதிய கெர்னலோடு. வம்பு அங்கேதான்.

இயங்குதளமும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் மொழி ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்தவை அதன் விதிகள். பேட்டரி, ஃபேன், மூடி திறப்பது போன்றவற்றைப் பல மடிக்கணினிகளில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சில்லு கவனிக்கிறது. அதற்கென்று சொந்த நிரல் உண்டு. முக்கியச் செயலி என்ன செய்கிறது என்று அது காத்திருப்பதில்லை. ஏதாவது நடந்தால் சமிக்ஞை அனுப்பும். கெர்னல் கேள்வி கேட்கும். சில்லு பதில் தரும். நடுவாள் கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் பழைய கெர்னல் வந்து உட்கார்ந்தால்? கேட்காத கேள்விக்கு ஒரு பதில் அதன் முன்னால் கிடக்கும்.

அதனால் கைமாற்றுவதற்கு முன்பே புதிய கெர்னல் எல்லாச் சமிக்ஞைகளையும் அடைக்கிறது. கையில் இருக்கும் வேலைகள் முடியும்வரை காத்திருந்து, கன்ட்ரோலரோடு பேச்சையும் நிறுத்துகிறது. அப்புறம்தான் பாய்ச்சல்.

பழைய கெர்னல் வந்ததும் எதையும் நம்புவதில்லை. நடுவாள் ஏசிபிஐயை இயக்காமலே விட்டிருக்கலாம் என்று அதை மறுபடி இயக்குகிறது. ஃபர்ம்வேர் தன் குறிப்புகளை வைத்துக்கொள்ள ரேமில் ஒரு பகுதி உண்டு, பெயர் என்விஎஸ். தூங்குமுன் எடுத்த அதன் நகலைத் திருப்பி வைக்கிறது. சில கணினிகளில் இந்த நல்ல காரியமே கெடுதலாகிவிடும். அதை நிறுத்தவும் ஒரு பூட் விருப்பம் இருக்கிறது. நகலை வைப்பதற்கு முன்பே, ஃபர்ம்வேர் தரும் வன்பொருள் கையொப்பத்தையும் (வன்பொருள் மாறியதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுவிடுகிறது. அது மாறியிருந்தால் எச்சரிக்கை வரும்; அமைப்பைப் பொறுத்து, புதிய கெர்னலே முன்கூட்டிப் பார்த்து மீட்பை நிறுத்திவிடுவதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகுதான் கன்ட்ரோலரோடு பேச்சு தொடங்கும். தூங்குமுன் “தூங்கப்போகிறேன்” என்று ஃபர்ம்வேரிடம் சொன்னது பழைய கெர்னலுக்கு நினைவிருக்கிறது. எனவே “எழுந்துவிட்டேன்” என்று சொல்வதும் அதன் பொறுப்பு. அதைக் கேட்டபின் ஃபர்ம்வேர் தன் பங்கு வேலையை முடிக்கும்.

இதெல்லாம் ‘பிளாட்ஃபார்ம்’ முறையில், அதாவது ஹைபர்னேட்டுக்கென்று ஏசிபிஐ வைத்திருக்கும் எஸ்4 நிலையில் தூங்கும்போது. ‘ஷட்டவுன்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் தூக்கத்தைப் பற்றி ஃபர்ம்வேரிடம் மூச்சே விடுவதில்லை. அதைப் பொறுத்தவரை கணினி வழக்கம்போல் அணைந்தது, அவ்வளவுதான். ஹைபர்னேட்டில் தகராறு செய்யும் கணினியில் நான் முதலில் மாற்றிப் பார்ப்பது இதைத்தான்.