வைரஸ் எண் இறங்கினால் போதுமா? ஹெப்பாடைட்டிஸ் சி இலவசச் சிகிச்சை பற்றி

போன வருடம் எங்கள் லயத்து மாமா ஒருவர் மைகாட் (அடையாள அட்டை) உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ரத்தச் சோதனைத் தாளை எடுத்து நீட்டினார். 23 லட்சம் என்றிருந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "இத்தன பூச்சி இருந்தா ஈரல் மிஞ்சுமா தம்பி?"

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பலரும் இப்படித்தான் பயப்படுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் வைரல் லோட். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கான அளவு அது. ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்பாடைட்டிஸ் சி-யில் ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. 50 ஆயிரம் உள்ளவருக்கு ஈரல் சுருங்கிப் போயிருக்கலாம். 60 லட்சம் உள்ளவருக்கு ஈரல் நன்றாகவே இருக்கலாம். ஈரலின் நிலையை டாக்டர் பிளேட்லெட் எண்ணிக்கை, ஈரல் என்சைம், ஸ்கேன் இவற்றை வைத்துத்தான் பார்ப்பார். இந்த மாதம் 20 லட்சம், அடுத்த மாதம் 30 லட்சம் என்றாலும் பதற வேண்டாம். சிகிச்சை தொடங்காதவர்களுக்கு அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம்.

இனி மருந்து. சோஃபோஸ்புவிர் 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். செம்பனைக் குலை வெட்டுகிறவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலை. 2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகச் செய்வதைத் தருவிக்க வழி செய்தது. அதனால்தான் 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இந்தச் சிகிச்சை இலவசம். பிறகு கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்க சுகாதார கிளினிக்குகளுக்கும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று ஈப்போ பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன், பக்கத்து அரசாங்க கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. அந்தச் சோதனைப் பட்டையில் கோடு விழுந்தால் வைரல் லோட் எடுப்பார்கள்.

பெரும்பாலோருக்கு சோஃபோஸ்புவிர் ஒன்று, டக்லாடாஸ்விர் ஒன்று எனத் தினமும் இரண்டு மாத்திரை, 12 வாரம். ஈரல் சுருக்கம் இருந்தால் 24 வாரம் வரை போகும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குணமாகிறார்கள். இதய மருந்து, வலிப்பு மருந்து, டிபி மருந்து, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இதோடு சேரவே கூடாது. சம்சு சாராயத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நாலாவது வாரத்திலேயே பலருக்கு எண் 15-க்குக் கீழே போய்விடும். "வைரஸ் செத்துப் போச்சு" என்று அங்கேயே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மருந்து அடக்கி வைத்திருக்கும்போது வரும் எண்ணை நம்பிக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து எடுக்கும் சோதனையில் 'நாட் டிடெக்டட்' (வைரஸ் தென்படவில்லை) என்று வந்தால்தான் குணம். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறவிடுவது இந்தச் சோதனையைத்தான். உடம்பு நன்றாக இருக்கிறது, ஒரு நாள் சம்பளம் எதற்குப் போக வேண்டும் என்ற கணக்கு. வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எம்.சி. (மருத்துவச் சான்று) கொடுத்தால், வேலைச் சட்டப்படி அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு: இரண்டு வருடத்துக்குக் கீழே வேலை செய்தவருக்கு வருடம் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, அதற்கு மேல் 22. வெறும் சோதனைக்கு எம்.சி. கிடைக்குமா என்பது டாக்டர் கையில். அதனால் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லி வையுங்கள். மாமா தன் தேதியை மளிகைக்கடை நாள்காட்டியில் குறித்து வைத்தார்.

ஹெப்பாடைட்டிஸ் பி வேறு கதை. அதில் வைரல் லோடும் சிகிச்சையை முடிவு செய்யும், மாத்திரை பல வருடம் ஓடும். எண் தெரியாத அளவுக்கு இறங்கினாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வைரஸ் திரும்பி ஈரலைத் தாக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் முடித்தாரே என்று ஒப்பிடாதீர்கள்.

சி குணமான பிறகும் விரல் சோதனையில் கோடு விழுந்துகொண்டேதான் இருக்கும். அது உடம்பில் மிஞ்சிய எதிர்ப்புப் பொருள். புது கிளினிக்கில் யாராவது அதைக் கண்டு திடுக்கிட்டால், 'நாட் டிடெக்டட்' தாளை எடுத்துக் காட்டுங்கள். மாமா அதையும் மைகாட் உறையில்தான் வைத்திருக்கிறார்.