சுமை இல்லாத ஃபோர்க்லிஃப்ட் ஏன் கவிழ்கிறது?

குடோனில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி கவிழ்ந்தது என்று கேள்விப்பட்டால் அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சரக்கு அடுக்கிய பேலட் என்ற தட்டை இறக்கிவிட்டு, அடுத்ததை எடுக்க வேகமாக வளைகிற காலி வண்டிதான் பக்கவாட்டில் இன்னும் சுலபமாகச் சாயும்.

சக்கரம் நாலு என்றாலும், பொதுவாக அதன் பின் அச்சு நடுவில் ஒரே இடத்தில் பூட்டப்பட்டு, இரண்டு பக்கமும் ஆடும்படி இருக்கும். அதனால் வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில், அதாவது முன்சக்கரம் இரண்டு, பின்னால் அந்தப் பூட்டு. இந்த முக்கோணத்தை விட்டு எடையின் மையம் வெளியே போனால் கவிழ்ந்துவிடும். முன்னால் சுமை இருக்கும்போது அந்த மையம் முக்கோணத்தின் அகலமான பக்கத்துக்கு வரும். சுமை இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் கனமான இரும்பு எதிர்எடை அதைக் குறுகலான முனைக்கு இழுத்துவிடும். இதோடு வேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒரே வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகிறது.

முன்பக்கம் குப்புறச் சாய்வது வேறு கதை. 2.5 டன் தூக்கும் என்று வண்டியின் தகட்டில் எழுதியிருப்பது, சுமையின் மையம் அதைத் தாங்கும் முன்கரமான ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டும்தான். அதே எடையில் நீளமான பெட்டி வந்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பலாம், ஸ்டீயரிங் இயங்குவதே பின்சக்கரத்தில்தான் என்பதால் திருப்பவும் முடியாது.

வண்டி சாயும்போது வெளியே குதிக்கத்தான் உடம்பு சொல்லும். உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றால் குதிக்கவே கூடாது! தலைக்கு மேலே காப்புக்காக இருக்கும் அந்த இரும்புக் கூண்டே குதித்தவர் மேல் விழுந்து நசுக்கும். சீட் பெல்ட் போட்டபடியே ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் இறந்த 1,021 பேரை அந்நாட்டில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் (NIOSH) என்ற அரசு நிறுவனம் கணக்கெடுத்தபோது, 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள், 20 சதவீதம் நடந்து போகும்போது அடிபட்டவர்கள். பின்சக்கரம் திரும்புவதால் வளையும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும், பக்கத்தில் நிற்பவர் அதை எதிர்பார்ப்பதில்லை. இதற்குத் தரையில் மஞ்சள் கோடு மட்டும் போட்டால் போதாது, நடைபாதையை இரும்புத் தடுப்பு வைத்தே பிரிக்க வேண்டும்.