வியேய் வீஞ்: முதுகொடி

தென் பிரான்சின் சிவப்பு ஒயின் புட்டிகளில் ‘வியேய் வீஞ்’ என்ற பிரெஞ்சுச் சொற்களை அடிக்கடி பார்க்கலாம். பலர் இதைப் பழைய ஒயின் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வயது கொடிக்குத்தான். போன ஆண்டு வடித்த ஒயினாகவே இருக்கலாம், அதைத் தந்த கொடிக்கு எண்பது வயது ஆகியிருக்கலாம்.

முதியது என்ற பொருளுள்ள ‘வெட்டுலுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து ‘வியேய்’ வந்தது. ‘வினேயா’, அதாவது திராட்சைத் தோட்டம், ‘வீஞ்’ ஆயிற்று. அதன் கடைசி ஒலிக்கு நம் ஞகர மெய் அச்சாகப் பொருந்துகிறது.

ரூசியோன் வட்டாரத்தில் மோரி ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளுக்குப் போனால் பொருள் விளங்கும். கறுத்த அடுக்குப்பாறை நிலம். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கிண்ணம்போல் விரியும்படி கவாத்து செய்த, முறுக்கிய குட்டைத் தண்டுகள் தனித்தனியே நிற்கும். இங்கே வளரும் கரின்யான், கிரனாஷ் இரண்டும் ஸ்பெயினிலிருந்து வந்த திராட்சை வகைகள். இளம் கரின்யான் வளமான சமவெளியில் ஹெக்டேருக்கு 100 ஹெக்டோலிட்டருக்கு (10,000 லிட்டருக்கு) மேலும் கொடுக்கும், சாறு நீர்த்துப்போகும். அதே வகை முதிர்ந்து, கல்லுக்கிடையே ஆழ வேர்விட்டபின் காய்ப்பு குறையும். உள்ள சில குலைகளில் நிறமும் துவர்ப்பும் அடர்ந்து சேரும். அந்த ஒயினின் அழுத்தம் இங்கிருந்துதான் வருகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய மானியம் கொடுத்தே ஏராளமான கரின்யானைப் பிடுங்கிப்போட்டார்கள். அதில் போன கிழக்கொடிகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மிகப் பழைய கொடிகள் அரிதாக இருப்பதற்கு இன்னொரு காரணம் ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேன். 1860களில் ரோன் ஆற்றின் தென்பகுதியில் தலைகாட்டி, நாடு முழுக்கத் தோட்டங்களை அழித்தது. அப்புறம் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். பெரும்பாலும் அந்தப் பூச்சி வாழமுடியாத மணல் நிலங்களில்தான் பழையவை சில தப்பின.

சரி, எத்தனை வயதானால் முதுகொடி? பிரெஞ்சுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2024இல் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 35 ஆண்டு என்று வரையறுத்தது. ஆனால் அது பரிந்துரைதான். அதனால் நட்ட ஆண்டையும் அச்சிடும் தயாரிப்பாளரையே நான் நம்புவேன்.

தமிழில் ‘பழங்கொடி’ என்றால் பழம் காய்க்கும் கொடி என்றும் படிக்க இடமுண்டு. முதுமரம், முதுகுன்றம் என்ற வழக்கையொட்டி ‘முதுகொடி’ என்பதே தெளிவு. ஒயினுக்குத் ‘தேறல்’ இருக்கிறது. தெளிந்த மது என்று பொருள். யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு ‘தண்கமழ் தேறல்’ என்கிறது. ஆகவே ‘முதுகொடித் தேறல்’ என்று தயங்காமல் எழுதலாம். பேச்சில் ‘முதுகொடி ஒயின்’ போதும்.