பழைய வாளுக்கு கேஸ் டார்ச் காட்டாதீர்கள்

சென்ற ஆண்டு என் மேசைக்கு ஒரு பாரசீக ஷம்ஷீர், அதாவது வளைந்த வாள், வந்தது. அலகு நெடுக ஓடைநீர் அலைவதுபோல வரிகள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வரி ஏதுமில்லாத சாம்பல் நிறத் திட்டு.

"அங்கே மட்டும் அமிலம் சரியாகப் பிடிக்கவில்லையா, சார்?" என்றார் உரிமையாளர். துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அலகு பக்கவாட்டில் சற்றுக் கோணியிருந்ததாம். வெல்டிங் பட்டறையில் கேஸ் சுடரில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தி வாங்கியிருக்கிறார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. இரும்புதானே, சூடு தாங்காதா என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அந்த வரிகள் எஃகின் உடம்புக்குள் இருப்பவை. பாரசீகர் 'பூலாத்' என்று அழைத்த இந்த எஃகு, மண் மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் மூடி உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்த கட்டி. கார்பன் ஏறத்தாழ 1.5 சதவீதம். ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்துச் சாஹக்கில் இதை உருக்கிய பட்டறை எச்சங்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் கோல்கொண்டா வட்டாரத்திலிருந்தும் கட்டிகள் பாரசீகத்துக்குப் போயின.

உருகிய எஃகு உறையும்போது மரக்கிளைகளைப்போல வளர்கிறது. கிளைகளுக்கு இடையில் வனேடியம் என்ற உலோகம் போன்ற அற்பக் கலப்புகள் ஒதுங்குகின்றன. 0.01 சதவீதத்துக்கும் குறைவான வனேடியமே போதும் என்று 1990களில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் செய்து காட்டினார்கள். கொல்லர் அடிக்க அடிக்க அந்த இடங்கள் தட்டையாகி அடுக்காகின்றன. மிதமான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் என்ற கடினப் பொருளின் மணிகள் அந்த அடுக்குகளில் போய்ச் சேர்கின்றன. அமிலம் தடவினால் மற்ற இடம் கறுக்கும், மணி வரிசை வெள்ளையாகவே நிற்கும். அதுதான் நாம் பார்க்கும் நீர்வரி.

முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் மெருகேற்றி, நுண்ணோக்கியில் உரிமையாளருக்கே காட்டினேன். நல்ல பகுதியில் கோலப்புள்ளி வைத்ததுபோல வரிசை வரிசையாக மணிகள். சுட்ட பகுதியில் வரிசையே இல்லை, மீன்வலைபோல மெல்லிய கோடுகள். அதிகச் சூட்டில் சிமென்டைட் இரும்புக்குள் சர்க்கரைபோலக் கரைந்துவிட்டது. ஆறும்போது பழைய இடத்துக்குத் திரும்பாமல் படிக எல்லைகளில் படிந்துவிட்டது.

மீட்க வழி உண்டு. வனேடியம் தன் தடத்திலேயே இருந்தால், பலமுறை மிதமாகக் காய்ச்சி ஆற்றி மணிகளை மீண்டும் வரிசைக்குக் கொண்டுவரலாம். ஆனால் பொன் பதித்த பழைய அலகை உலையில் வைக்க நான் தயாரில்லை. வரி அழிந்த இடத்தை அறிக்கையில் அளந்து குறித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பொன்னெழுத்தில் 'அசதுல்லா இஸ்ஃபஹானி' என்று இருந்ததில் அவருக்குத் தனிப் பெருமை. அந்தப் பெயர் ஒரே மனிதர் ஆயுளில் செய்திருக்கவே முடியாத அத்தனை வாள்களில் இருக்கிறது. பெயரை வைத்து விலை பேசாதீர்கள்.

பாலீஷ் போட்டு மறைந்த வரியை, கொஞ்சம் உலோகத்தை இழந்தாவது, அமிலத்தால் திரும்ப எடுத்துவிடலாம். நான் அதிகம் பயப்படுவது கைப்பிடிக்குத்தான். பிடி ஆடினால் உள்ளிருக்கும் அரக்கை இளக்க உடனே டார்ச்சைத் தூக்குகிறார்கள். அரக்கு இளகக் கொதிநீரின் சூடே அதிகம்.