காகிதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

பழைய மரச்சாமான்களைச் சீர்செய்து அலங்காரக் காகிதம் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். ஆர்வமாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது காகிதத்தைப் பற்றித்தான். எந்தப் பூ, எந்த நிறம், தங்க ஓரம் வைக்கலாமா என்று. நான் முதலில் கேட்பது வேறு: இந்தச் சாமானுக்கு இதற்கு முன் என்ன பெயின்ட் அடித்தார்கள், எத்தனை வருஷத்துக்கு முன்?

ஒருமுறை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மனைவிக்கு ஏழாவது மாதம். அவருடைய அம்மா குழந்தையாக இருந்தபோது படுத்த மரக்கட்டிலைக் கொண்டுவந்திருந்தார்கள். சுற்றிலும் அழி, அதாவது மரச்சட்டத் தடுப்பு, வைத்த சின்னக் கட்டில். அதில் பட்டாம்பூச்சிக் காகிதம் ஒட்டவேண்டும். வேலையைக் குறைக்கலாம் என்று, ஒரு பக்கத்தை வீட்டுக்குள்ளேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தார்கள். தேய்த்த இடத்தில் வெள்ளை, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது.

“வெறும் தூசிதானே அக்கா, அப்பவே பெருக்கித் தள்ளிட்டேன்” என்றார் அந்தப் பெண். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பழைய பெயின்ட்களில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். நிறம் பளிச்சென்று இருக்க, சீக்கிரம் காய, நெடுநாள் உழைக்க என்று பல காரணங்களுக்காகச் சேர்த்தார்கள். சுவரோடு, மரத்தோடு ஒட்டி இருக்கும்வரை அது சும்மா இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத பொடியாக வீடு முழுக்கப் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. தாயின் உடலிலிருந்து கருவுக்கும் போகிறது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெயின்ட்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. பழைய பூச்சுகளில் இது ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

“அப்படின்னா தேய்க்காம மேலேயே காகிதத்தை ஒட்டி மூடிடலாமே?” என்றார் கணவர். நியாயமான கேள்விதான். அலமாரியாக இருந்தால், பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால், யோசிக்கலாம். குழந்தைக் கட்டிலில் கூடாது. பல் முளைக்கும் குழந்தை அந்த அழியின் மேல்கட்டையைக் கடித்துக்கொண்டேதான் நிற்கும். காகிதமும் வார்னிஷும் அந்தப் பல்லுக்குத் தாங்காது. பெயின்ட் புதியதாகவே இருந்தாலும், குழந்தை வாய் வைக்கும் இடத்தில் நான் காகிதம் ஒட்டுவதில்லை.

சுரண்டிய பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன். ஈயம் இருப்பதாகத்தான் முடிவு வந்தது. அந்தப் பெண்ணை மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைக்கவும் சொன்னேன். கட்டிலை நான் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் வயது தெரியாத, பல நிறம் பூசிய சாமான் இருந்தால் உப்புத்தாளை எடுக்கும் முன் சோதித்துவிடுங்கள். வீட்டிலேயே தடவிப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் சில சமயம் ஏமாற்றும், ஆய்வகம்தான் நம்பிக்கை. ஈயம் இருந்தால் சூடு காட்டி உரிக்கவும் கூடாது, புகையாக மூச்சில் ஏறும். துணி முகக்கவசம் இந்தப் பொடியைத் தடுக்காது.

பழைய வால்பேப்பர் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1775-ல் ஷீலே என்ற வேதியியலாளர் உருவாக்கிய ஒரு பச்சை நிறத்தில் ஆர்சனிக் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு வால்பேப்பர்களில் அந்த மாதிரிப் பச்சைகள் நிறையவே புழங்கின. அவ்வளவு பழைய தாள் கைக்கு வந்தால் வெட்டவேண்டாம், தேய்க்கவேண்டாம்.

சரி, அடிப்பரப்பு பாதுகாப்பானது என்று தெரிந்துவிட்டது. அப்புறம்தான் காகிதம். ஒட்டியதும் ஏன் சுருக்கம் விழுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். காகிதம் நனைந்தால் விரியும். அதுவும் இழை ஓடும் திசைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். ஒரு சின்னத் துண்டை எடுத்து ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். பாய் மாதிரி சுருளும். சுருளின் நீளவாக்குதான் இழையின் திசை. கனமான தாளாக இருந்தால் பசை தடவிச் சில நிமிடம் ஊறவிடுங்கள், விரிய வேண்டியது விரிந்துவிடட்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அவசரப்பட்டு உலர்ந்த தாளை ஒட்டினால் அது மரத்தின் மேல் விரியும், போக இடமில்லாமல் குமிழியாக எழும். நாப்கின் தாளில் அச்சுள்ள மேல் அடுக்கை மட்டும் உரித்து எடுங்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்டது பெரும்பாலும் ஈரம் பட்டதும் கசியும். லேசர் அச்சு தாங்கும்.

மாவுப் பசையை நான் விட்டு வெகுகாலமாகிறது. மாவுச்சத்து வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. வெள்ளைப் பசை நல்லதுதான், ஆனால் சூட்டில் இளகும். மெழுகுவத்தி வைக்கும் சாமான், சூடான பாத்திரம் வைக்கும் பலகை இதற்கெல்லாம் இந்த வேலை வேண்டாம். உணவு படும் தட்டின் மேல்பக்கத்திலும் வேண்டாம்.

18-ஆம் நூற்றாண்டு வெனிஸில், கிழக்கு நாடுகளின் விலையுயர்ந்த அரக்குச் சாமான்களுக்கு மாற்றாக, காகிதம் ஒட்டி வார்னிஷ் பூசும் இந்தக் கலை வளர்ந்தது. ‘ஏழை அரக்கு’ என்றே அதற்குப் பெயர். வெட்டிய காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவரை வார்னிஷ் மேல் வார்னிஷ் பூசுவார்கள். இன்றும் அழகு அந்தப் பொறுமையில்தான் வருகிறது. ஆளி எண்ணெய் சேர்ந்த வார்னிஷாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

சமீபத்தில் ஓர் அம்மா, தன் தாயார் எழுதிய கடிதங்களை ஒரு மரப்பெட்டி முழுக்க ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் திரும்ப எடுக்க முடியாது, நகல் எடுத்து ஒட்டலாம் என்றேன். கொஞ்சம் தயங்கித்தான் சம்மதித்தார். லேசரில் நகல் எடுத்து மூடியில் ஒட்டினேன். கடைசிப் பூச்சு தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரம் ஆகும். அதற்குள் மூடினால் மூடியும் பெட்டியும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நான்கு வாரம் பெட்டி என் பட்டறையில் திறந்தே கிடந்தது. வாங்க வந்த அன்று அந்த அம்மா கடிதக்கட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் அடுக்கி, மூடியை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார்.